இணைப்பு அறுந்தால் நிரல் செய்யவேண்டுவது

பைத்தான் மொழியில் பத்து வரிகளில் எழுதப்பெற்ற ஒரு நிரல், தொலைவிலுள்ள சேவையகத்திலிருந்து ஒரு கோப்பைக் கொணர்கின்றது என வைத்துக்கொள்க. நாள்தோறும் செவ்வனே இயங்கிய அது, ஒருநாள் இடையில் நின்றுவிடுகிறது. நிரலில் குற்றமில்லை, வழியில்தான் தடை. அத்தடையையும் எதிர்நோக்கி எழுதப்பெறுவதே நல்ல நிரலாகும்.

இத்தடைகள் பெரும்பாலும் மூவகைப்படும். முதலாவது, சேவையகத்தின் பெயருக்குரிய எண்முகவரி கிடைக்காமை. இரண்டாவது, இணைப்பு மறுக்கப்படுதல். முகவரி சரியே, ஆயினும் கேட்ட பணியை ஏற்கும் நிரல் அங்கே இயங்கவில்லை என்பது இதன் பொதுவான பொருள். மூன்றாவது, மறுமொழியே வாராமை. மறுப்பு உடனே தெரிந்துவிடும், மௌனத்திற்கோ முடிவில்லை. பைத்தானின் சாக்கெட்டுக்குக் கால எல்லை குறிக்காவிடின், அது வரம்பின்றிக் காத்திருக்கக்கூடும். ஆதலின் பத்து நொடி என்பது போன்ற எல்லையை முதலிலேயே குறித்தல் வேண்டும்.

பிழையை ‘டிரை’, ‘எக்செப்ட்’ என்னும் கட்டளைகளால் பிடிக்கலாம். எனினும், எல்லாப் பிழைகளையும் ஒருசேரப் பிடித்து, ஒன்றும் நேராததுபோல் மேற்செல்லுதல் தவறு. பெயரைப் பிழைபட எழுதியிருந்தால் ஆயிரம் முறை முயன்றும் பயனில்லை, திருத்தவேண்டியது பெயரே.

தற்காலிகத் தடையாயின் மீண்டும் முயலலாம். ஆனால், பொறுமையற்ற முயற்சி பிறர்க்கும் கேடு விளைக்கும். 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும், ஏறத்தாழ 400 கஜத் தொலைவிலிருந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பெர்க்லி வளாகத்திற்கும் இடையே, நொடிக்கு 32,000 பிட் ஆக இருந்த வேகம் 40 பிட் அளவிற்கு வீழ்ந்தது. நெரிசலில் தாமதித்த செய்திகள் தொலைந்தன எனக் கருதிய கணினிகள், அவற்றையே திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலைப் பெருக்கின. நெரிசல் கண்டவுடன் அனுப்புவதைக் குறைக்கும் முறைகளை வான் ஜேக்கப்சன் 1988இல் விளக்கி எழுதினார்.

சிறு நிரலுக்கும் அப்பாடம் பொருந்தும். முதல் தோல்விக்குப்பின் 1 நொடி, பின்னர் 2, 4, 8 நொடி என இடைவெளியை இரட்டித்துச் செல்லவேண்டும். பல கணினிகள் ஒரே கணத்தில் சென்று மோதாதிருக்க, ஒவ்வொன்றிலும் சிறிது நேரத்தை முன்பின்னாக மாற்றுதல் நன்று. ஐந்தாம் முயற்சியும் தோற்றால், நேரத்தையும் காரணத்தையும் பதிந்துவிட்டு நிரல் நின்றுவிடவேண்டும்.

கோப்பைப் படிப்பதற்கு இது தகும். கட்டணம் செலுத்தும் நிரலுக்கோ மேலும் விழிப்பு வேண்டும். பணம் சேர்ந்தபின் மறுமொழி மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். மீண்டும் அனுப்பினால் இருமுறை செலுத்தியதாகும். ஆகவே ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தனி எண் இட்டு, அவ்வெண்ணை முன்னரே பெற்றதா எனச் சேவையகம் சரிபார்க்கச் செய்தல் வேண்டும். மறுமொழி வாராமை வேறு. செயல் நடவாமை வேறு. இவ்வேறுபாட்டை அறிந்து எழுதப்பெற்ற நிரலையே நம்பிப் பணியை ஒப்படைக்கலாம்.