ஸ்ப்ரே கன் வாங்குவதற்கு முன் ரசீதைப் பற்றி யோசியுங்கள்

புந்தோங், சுங்கை சிப்புட், பீடோர் பக்கங்களில் வீட்டுக்குப் பின்னால் தகரம் இறக்கிச் சின்னதாகப் பட்டறை போட்டிருப்பவர்கள் நிறையப் பேர். கேட், கிரில், தோட்டத்து வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய அலமாரி, சாமி மேடை என்று அக்கம்பக்கத்து வேலைகள் வரும். பிரஷ்ஷில் அடித்தால் கோடு விழுகிறது என்று ஸ்ப்ரே கன் வாங்குகிறார்கள். ஒரு கதவு அடித்துப் பார்ப்பதோடு அது மூலைக்குப் போய்விடுகிறது. ரசீது எங்கே என்றால் பெட்டியோடு குப்பைக்குப் போய்விட்டது என்கிறார்கள். கடையில், "அடிச்சுப் பார்த்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம்ண்ணே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

பணம் போவதைவிடப் பெரிய கவலை, முகத்தில் கட்டும் கைக்குட்டை. தோட்டங்களில் தோளில் பம்பு சுமந்து மருந்து அடித்த பெண்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாம். அந்தப் பெண்களின் உடல்நிலையைப் பற்றித் தெனகானித்தா அமைப்பு 2002-லேயே ஆய்வு வெளியிட்டது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு முழுத் தடை வருவதற்கு 2020 ஜனவரி ஆனது. துணி எதையும் தடுக்காது என்று ஒரு தலைமுறை உடம்பைக் கொடுத்துத் தெரிந்துகொண்டது. அடுத்த தலைமுறை தின்னர் ஆவிக்கும் அதே துணியைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

இயந்திரம் தேர்வு செய்வதில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் காற்று. 1 குதிரைத்திறன், 24 லிட்டர் தொட்டி கொண்ட கம்ப்ரஸர் மலிவாகக் கிடைக்கிறது. பெட்டியில் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் என்று அச்சடித்திருக்கும். அது உள்ளே இழுக்கும் காற்றின் கணக்கு. குழாய் வழியாக வெளியே வருவது அதில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தாலே பெரிது. நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் வீசும் எச்.வி.எல்.பி. வகைக் கன்களில் பல நிமிடத்துக்கு 250 லிட்டருக்கு மேல் கேட்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டி விற்றுவிட்டு, "எல்லா பெயிண்டுக்கும் ஆகும்" என்கிறார்கள். முதல் அரை நிமிடம் நன்றாக அடிக்கும். தொட்டி காலியானதும் பெயிண்ட் துளித்துளியாகத் தெறிக்கும், வாங்கியவர் தனக்குக் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். கை அல்ல, கணக்குதான் சரியில்லை. கன் கேட்கும் காற்று, கம்ப்ரஸர் உண்மையில் தரும் காற்றைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டு எண்களையும் கடைக்காரரை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வேறு கடைக்குப் போங்கள்.

சின்னக் கம்ப்ரஸர்தான் கையில் இருக்கிறது என்றால், குறைந்த காற்றில் இயங்கும் எல்.வி.எல்.பி. கன் பாருங்கள். கம்ப்ரஸரே இல்லாதவருக்கு, காற்றாடி மோட்டாரோடு வரும் மின்சாரக் கன் கிரில்லுக்கும் நாற்காலிக்கும் போதும். பெயிண்டை மட்டும் பெட்டியில் வரும் அளவுக் கிண்ணத்தால் பார்த்து இளக்கிக்கொள்ள வேண்டும். துளை விட்டம் வார்னிஷுக்கு 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர், அண்டர்கோட்டுக்கு 1.7 அல்லது 1.8. ஏர்லெஸ் இயந்திரம் வீட்டுச் சுவர் முழுக்க அடிக்கும் குத்தகைக்காரருக்கு. பட்டறை நாற்காலிக்கு அது வேண்டாம்.

ஈப்போவில் மதியத்துக்கு மேல் வானம் இருட்டினால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் அது வெள்ளை பூத்துவிடும். கம்ப்ரஸரில் நீர் பிரிப்பான் மாட்டுங்கள், தொட்டியின் அடித்திருகைத் திறந்து அன்றன்றைக்குத் தண்ணீரை வடியுங்கள். பெயிண்ட் அடிக்கும் இடத்துக்கு வெளியே கம்ப்ரஸரை வைத்து நீளமான ஹோஸில் காற்றைக் கொண்டுவாருங்கள். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பக்கத்து அறைக்குப் போகும். அங்கே சாமி விளக்கு எரிகிறதா, ஊதுபத்தி புகைகிறதா, கேஸ் அடுப்பு இருக்கிறதா? அடிக்கும் நாளில் விளக்கைக் குளிர வைத்துவிட்டுத்தான் கன்னைத் தொட வேண்டும். மேசை விசிறியை வைத்து ஆவியை இழுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை: அதன் மோட்டார்ப் பொறி ஒன்று போதும்.

மின்சாரப் பலகையைத் திறந்து பாருங்கள். பழைய வீடுகளில் கசிவுத் துண்டிப்பான் 100 மில்லி ஆம்பியரில் இருக்கும். கையில் பிடிக்கும் கருவிக்கு 30 மில்லி ஆம்பியர் வேண்டும். பதிவு பெற்ற மின்பணியாளரைக் கூப்பிட்டு மாற்றுங்கள். சிரிம் முத்திரை இல்லாத எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம்.

பழைய அலமாரி, கதவுகளின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி தேய்த்துப் பொடியைக் கிளப்பாமல் தண்ணீர் விட்டுத் தேயுங்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

முகக்கவசத்துக்கு வருவோம். கோவிட் காலத்து மாஸ்க்கும் என்95 கவசமும் துகளைத்தான் பிடிக்கும், தின்னர் ஆவியைப் பிடிக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிஜ், அதன்மேல் துகள் வடிகட்டி இரண்டும் உள்ள அரைமுகக் கவசம் வேண்டும். தாடி இருந்தால் ஓரம் பொருந்தாது. வேலை முடிந்ததும் கார்ட்ரிஜை இறுக்கி மூடிய டப்பாவில் வையுங்கள்; ஆணியில் தொங்கவிட்டால் அடிக்காத நாளிலும் அது காற்றில் உள்ளதை உறிஞ்சித் தீர்ந்துபோகும். கார்களுக்கு அடிக்கும் 2கே பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதற்கு வாசனை எச்சரிக்கை கிடையாது, சாதாரண கார்ட்ரிஜும் போதாது, வெளியிலிருந்து காற்று வரும் கவசம் வேண்டும். ஒருமுறை நுரையீரலுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் இழுப்பு வரும். வீட்டுப் பட்டறையில் 2கே அடிக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், அடிக்காதீர்கள்.

பெயிண்ட், தின்னர் விற்பவரிடம் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள். வேலையிடத்து ஆபத்தான இரசாயனங்களுக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் அதைத் தர வேண்டும் என்பது 2013 விதிமுறை. மயக்கமோ இருமலோ வந்தால் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய நச்சு மையம் 1-800-88-8099 என்ற எண்ணில் வழிகாட்டும். அந்தத் தாள் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

ஏர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த முனையிலிருந்து 3000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பெயிண்ட் வருகிறது. விரலில் பட்டால் ஊசி குத்தியது போலச் சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் அதிகம் இராது. உள்ளே பெயிண்ட் பரவிக்கொண்டிருக்கும். மஞ்சள் தடவிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள், கிளினிக்குக்கும் போகாதீர்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரே போய், "உயர் அழுத்தத்தில் பெயிண்ட் உள்ளே போய்விட்டது" என்று அதே சொற்களில் சொல்லி டப்பாவைக் காட்டுங்கள். வெட்டுக்காயம் என்றால் கட்டுப்போட்டு அனுப்பிவிடுவார்கள், அதற்குள் விரல் போய்விடும்.

கடைக்காரர் ஏமாற்றினால்? 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று எழுதி வைத்தாலும், குறையுள்ள பொருள் விஷயத்தில் அந்த அறிவிப்புக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. சொன்ன வேலைக்குப் பொருள் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பது சட்டம் தரும் உத்தரவாதம். ரசீதில் காற்றின் அளவை எழுதி வாங்கச் சொன்னது இதற்காகத்தான். மனம் மாறித் திருப்பித் தர உரிமையில்லை; வாங்கி மாதக்கணக்கில் சும்மா வைத்துவிட்டுக் கேட்டாலும் நிற்காது.

ரசீது, உத்தரவாத அட்டை, பெட்டியின் படம், கோளாறு தெரியும் வீடியோ இவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு, முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். வாட்ஸாப் செய்தியும் எழுத்துதான், அழிக்காதீர்கள். பதில் வராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம். போராங் 1-ஐ நிரப்பி 5 வெள்ளி கட்டணம் செலுத்த வேண்டும், இணையத்திலும் போடலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம், சம்பவம் நடந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. பலர் சறுக்குவது விற்பனையாளர் பெயரில்தான். பலகையில் உள்ள பெயரை எழுதிவிடுகிறார்கள், நிறுவன ஆணையத்தின் (எஸ்.எஸ்.எம்.) பதிவுப் பெயரும் எண்ணும் முகவரியும் வேண்டும். இணையத்தில் வாங்குபவர்கள் பணம் கட்டுமுன் இந்தப் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் தீர்ப்பு வாங்கினாலும் வசூலிக்க ஆள் இராது. மன்றம் முத்திரையிட்ட போராங் நகலை எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பதும் உங்கள் பொறுப்பு. பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். விசாரணைக்கு நீங்கள் போகாவிட்டால் கோரிக்கை தள்ளுபடியாகும். தீர்ப்பைக் கடைக்காரர் மதிக்காவிட்டால் அது குற்றம். சந்தேகம் இருந்தால் உள்நாட்டு வாணிப அமைச்சின் 1-800-886-800 எண்ணைக் கேளுங்கள்.

பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த உபயோகத்துக்கு வாங்குபவருக்குத்தான். கம்பெனி பெயரில் பில் போட்டு வேலைக்கு வாங்கினால் நடுவர் மன்றக் கதவு மூடிக்கொள்ளலாம். தொழிலாகவே செய்பவருக்கு வேறு கடமைகள் உண்டு. பழைய கம்ப்ரஸர் வாங்கும்போது தொட்டியில் பி.எம்.டி. எண் (அழுத்தத் தொட்டியின் பதிவெண்) பொறித்த தகடு இருக்கிறதா என்று பாருங்கள். 1967 தொழிற்சாலை இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1-ல் நீக்கப்பட்டு, எல்லாம் தொழில் பாதுகாப்பு சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்தாலே ஈப்போவிலுள்ள தொழில் பாதுகாப்பு சுகாதாரத் துறை (ஜே.கே.கே.பி.) அலுவலகத்தில் உங்கள் தொட்டிக்குச் சான்றிதழ் தேவையா என்று விசாரியுங்கள். தனியாக வேலை செய்பவர் 2017 சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோவில் பதிந்துகொள்ளலாம். கவுண்டரில் உங்கள் வேலையை வெறுமனே "பெயிண்டர்" என்று எழுதவிடாதீர்கள். ஸ்ப்ரே வேலை என்றே பதியச் சொல்லுங்கள்.