திறந்த நிரலை நம் கணிப்பொறியில் ஓட்டுவோம்

சிவப்பு லேசர் ஒன்றும் பச்சை லேசர் ஒன்றும் வெள்ளைத் தாளில் இரு புள்ளிகளை வீழ்த்துகின்றன. அவற்றைக் கைபேசியில் படம் பிடித்து, எந்தப் புள்ளி அதிக ஒளியுடையது என்று கணிப்பொறியைக் கேட்கிறோம். அது உடனே இரண்டு எண்களைத் தருகிறது. அந்த எண்களை அப்படியே செய்முறைக் குறிப்பேட்டில் எழுதிவிடலாமா?

திருகு அளவியை நாம் அப்படி நம்புவதில்லை. முதலில் சுழிப்பிழை இருக்கிறதா என்று பார்க்கிறோம், பிறகுதான் அளக்கிறோம். கணிப்பொறி நிரலும் ஓர் அளவுகருவிதான். ஆனால் பெரும்பாலான நிரல்கள் மூடி முத்திரையிட்ட பெட்டிகள். உள்ளே எந்தக் கணக்கு நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. திறந்த நிரல்கள் அப்படியல்ல. அவற்றை எழுதியவர்கள் மூல வடிவத்தையே எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் பெற்று, நம் கணிப்பொறியில் ஓடச் செய்து, உள்ளே பார்ப்பது எப்படி? ஓர் உண்மையான நிரலைக் கொண்டே பார்ப்போம்.

இமேஜ்-ஜே

அமெரிக்காவின் தேசிய உடல்நல நிறுவனங்களில் பணியாற்றிய வெய்ன் ராஸ்பாண்ட், படங்களை அளந்து ஆராயும் நிரல் ஒன்றை 1987-இல் உருவாக்கத் தொடங்கினார். அது பாஸ்கல் மொழியில் அமைந்தது. மெக்கின்டாஷ் கணிப்பொறிகளில் மட்டுமே ஓடியது. 1995-இல் ஜாவா மொழி வெளிவந்தது. எந்த வகைக் கணிப்பொறியிலும் ஒரே நிரல் ஓடும் என்பது அதன் சிறப்பு. ராஸ்பாண்ட் 1997-இல் ஜாவாவில் புதிதாக எழுதத் தொடங்கிய நிரலே இமேஜ்-ஜே. அதன் மூல நிரல் பொதுச்சொத்து. யாரும் எடுக்கலாம், படிக்கலாம், மாற்றலாம்.

மூன்று தேவைகள்

மனிதர் எழுதிப் படிக்கும் வடிவம் மூல நிரல். தொகுப்பான் அதை இடைநிலைக் குறியீடாக மாற்றுகிறது. அந்தக் குறியீட்டை ஜாவாவின் 'மெய்நிகர் பொறி' ஓட்டுகிறது. எனவே நமக்கு வேண்டியவை மூன்று.

முதலாவது, ஜே.டி.கே. எனப்படும் ஜாவா உருவாக்கத் தொகுதி. தொகுப்பானும் மெய்நிகர் பொறியும் இதில் அடங்கும். ஓட்டுவதற்கு மட்டும் பயன்படும் ஜே.ஆர்.இ. நமக்குப் போதாது, அதில் தொகுப்பான் இல்லை.

இரண்டாவது, பட்டறை. எழுதவும், தொகுக்கவும், ஓட்டவும், பிழை தேடவும் ஒரே இடத்தில் வசதி தரும் மென்பொருளை இப்படி அழைக்கலாம். எக்லிப்ஸ், நெட்பீன்ஸ், இன்டெலிஜே ஐடியா ஆகியவை இவ்வகையின. முதல் இரண்டும் திறந்த நிரல்களே. இங்கே எக்லிப்ஸை எடுத்துக்கொள்வோம்.

மூன்றாவது, மூல நிரல். இமேஜ்-ஜேயின் மூல நிரல் கிட்ஹப் தளத்தில் உள்ளது. 'கிட்' என்னும் கருவியின் 'குளோன்' கட்டளை அதை முழுமையாகப் படியெடுத்துத் தரும். நிரலின் மாற்ற வரலாறும் சேர்ந்தே வரும். எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்பதை அதிலிருந்து அறியலாம்.

மளிகைச் சீட்டு

மூல நிரலுடன் 'பாம்' என்றொரு கோப்பு வருகிறது. அதை மளிகைச் சீட்டு எனலாம். இந்த நிரலுக்கு எந்தெந்தத் துணைத் தொகுதிகள், எந்தப் பதிப்பில் வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். 'மேவன்' என்னும் கருவி அந்தச் சீட்டைப் படித்து, இணையத்திலுள்ள பொதுக் கிடங்கிலிருந்து சரக்கைக் கொண்டுவரும். வந்த சரக்கை நம் கணிப்பொறியிலேயே சேர்த்தும் வைக்கும். ஆகவே முதல் முறை இணைய இணைப்பு அவசியம். அப்போது சற்று நேரம் பிடிக்கும்; பொறுத்திருக்க வேண்டும்.

எக்லிப்ஸில் 'ஃபைல்' பட்டியலில் 'இம்போர்ட்' என்பதைத் தேர்ந்து, அதில் 'மேவன்' பகுதியின்கீழ் உள்ள 'எக்ஸிஸ்டிங் மேவன் புராஜெக்ட்ஸ்' என்பதைச் சொடுக்கி, படியெடுத்த கோப்புறையைக் காட்டுங்கள். வேலை முடிந்ததும் 'ஐ.ஜே.' என்ற தொகுப்பில் 'இமேஜ்-ஜே' என்னும் வகுப்பைத் தேடி, ஜாவா பயன்பாடாக ஓட்டுங்கள். நீண்ட, குறுகிய சாளரம் ஒன்று தோன்றும். நீங்களே தொகுத்த இமேஜ்-ஜே அது!

பதிப்புப் பிணக்கு

எல்லாம் சரியாக இருந்தும் நிரல் ஓட மறுப்பதுண்டு. தொகுத்த ஜாவாவும் ஓட்டும் ஜாவாவும் வேறு பதிப்புகளாக இருப்பது அதற்கு ஒரு பொதுவான காரணம். அப்போது வரும் பிழைச் செய்தியில் 61, 52 போன்ற எண்கள் இருக்கும். அவற்றைக் கண்டு மிரள வேண்டாம். எண்ணிலிருந்து 44-ஐக் கழியுங்கள். 61 என்றால் 17-ஆம் பதிப்பு. 52 என்றால் 8-ஆம் பதிப்பு. அதாவது, புதிய ஜாவாவில் தொகுத்ததைப் பழைய ஜாவா படிக்க முடியாமல் திணறுகிறது. பட்டறையின் அமைப்பில் இரண்டையும் ஒன்றாக்கினால் பிணக்கு தீரும். பிழைச் செய்தியை மூடிவிடாமல் முதல் வரியிலிருந்து பொறுமையாகப் படிக்கும் பழக்கம் பல மணி நேர உழைப்பை மிச்சப்படுத்தும்.

பெட்டிக்குள் ஒரு பார்வை

இப்போது நம் லேசர் புள்ளிகளுக்கு வருவோம். வண்ணப் படத்தின் ஒவ்வொரு படப்புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களால் ஆனது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். ஒளியளவை ஒப்பிட இம்மூன்றையும் ஒரே எண்ணாக்க வேண்டும். இதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, மூன்றின் நேர் சராசரி. மற்றொன்று, மனிதக் கண்ணின் உணர்வுக்கேற்ற எடையிட்ட சராசரி. இதில் சிவப்பை 0.299-ஆலும், பச்சையை 0.587-ஆலும், நீலத்தை 0.114-ஆலும் பெருக்கிக் கூட்டுவார்கள்.

முழுச் சிவப்பையும் முழுப் பச்சையையும் கணக்கிட்டுப் பாருங்கள். நேர் சராசரியில் இரண்டுக்கும் 85. எடையிட்ட சராசரியில் சிவப்புக்கு 76, பச்சைக்கு 150. ஒரு வழியில் இரண்டும் சமம். மறு வழியில் பச்சை ஏறக்குறைய இரு மடங்கு! படம் ஒன்றே, நிரலும் ஒன்றே. கணக்கு வேறானதால் முடிவும் வேறாயிற்று.

இமேஜ்-ஜேயில் இரு வழிகளும் உள்ளன. எது இப்போது நடப்பில் இருக்கிறது? 'கலர்பிராசஸர்' என்னும் கோப்பைத் திறந்து, மூன்று நிறங்களின் எடைகளைத் தேடுங்கள். அவை பயன்படும் வரியில் ஒரு நிறுத்தக்குறியை வைத்து, பிழைதேடும் முறையில் நிரலை ஓட்டுங்கள். பிறகு ஒரு வண்ணப் படத்தைத் திறந்து, அதை 8 பிட் படமாக மாற்றச் சொல்லுங்கள். நிரல் அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிடும். எடைகளின் அப்போதைய மதிப்புகளைப் பட்டறை உங்களுக்குக் காட்டும். திருகு அளவியின் சுழிப்பிழையைப் பார்ப்பதற்கு நிகரான செயல் இது.

திறந்த நிரல் என்பது நமக்குத் தரப்பட்ட உரிமை. அதை நம் கணிப்பொறியில் தொகுத்து ஓட்டும் வரை அந்த உரிமை ஏட்டளவில்தான் இருக்கும். ஓட்டிவிட்டாலோ, கருவி தரும் எண்ணை ஏற்பதோடு நிற்காமல் அது பிறந்த வரியையே கேள்வி கேட்கலாம். அடுத்த செய்முறைக்கு முன் ஒருமுறை முயன்று பாருங்கள். எந்த முறையில் கணக்கிட்டீர்கள் என்பதையும் குறிப்பேட்டில் எண்ணுக்கு அருகே எழுத மறவாதீர்கள்.