காற்று வாங்கப் போகும் கணவாய்

ஆனி, ஆடியில் ராதாபுரம் பக்கம் கொடியில் துணி போடுகிறவர்கள் ஒரு கிளிப்போடு விடுவதில்லை. காவல்கிணறு விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் வேட்டியை ஒரு கையால் இறுக்கிக்கொண்டுதான் அடுத்த அடி வைக்கிறார். திருநெல்வேலி டவுனில் மின்விசிறிக்குக் கீழே புழுங்கிக்கொண்டிருக்கும் அதே மத்தியானத்தில், இங்கே பக்கத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறது.

அந்தக் காற்றுக்கு வாசல் ஆரல்வாய்மொழி. மேற்குத் தொடர்ச்சி மலை மகேந்திரகிரியில் 1,600 மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நின்றுவிட்டு, தெற்கே சட்டென்று இறங்கி, குமரிக்கு முன்னால் தனித்தனிக் குன்றுகளாகச் சிதறிவிடுகிறது. அந்த இறக்கத்தில் விழுந்த இடைவெளிதான் கணவாய். நாகர்கோவிலிலிருந்து சுமார் 15 கி.மீ. 1809-ல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை அடக்க வந்த கம்பெனிப் படை இங்கிருந்த கோட்டை வரிசையைத் தாண்டித்தான் திருவிதாங்கூருக்குள் புகுந்தது. இன்றைக்கு நான்கு வழிச்சாலையும் ரயிலும் அதே இடுக்கில்தான் போகின்றன. சீசன் மாதங்களில் ஞாயிறு சாயங்காலம் பார்த்தால், குடும்பம் குடும்பமாகவும் பைக்கிலும் வந்து சாலையோரம் சும்மா நிற்பார்கள். குற்றாலத்தில் தலையில் அருவி விழும். இங்கே முகத்தில் காற்று அடிக்கும். இரண்டுக்கும் காசு கிடையாது.

இங்கே மட்டும் ஏன் இப்படி வீசுகிறது? குழாய் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீறிடுகிறதே, அதுபோலத்தான் என்று பலரும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பாதி சரி. மீதிப் பாதிதான் சுவாரசியமானது. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஈரமும் குளிர்ச்சியுமாக மலைக்கு மேற்கே வந்து முட்டுகிறது. கிழக்கே ராதாபுரம், நாங்குநேரி சமவெளியோ வெயிலில் காய்கிறது. காய்ந்த நிலத்துக்கு மேலே காற்று சூடேறி இலேசாகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. குளிர்ந்த, கனத்த காற்றுக்கு மலையேறுவது பெரும்பாடு. பக்கத்திலேயே ஒரு வாசல் திறந்திருக்க, அதற்கு அப்பால் அழுத்தமும் குறைந்திருந்தால், கூட்டமாக அதன் வழியே பாயத்தானே செய்யும்? நிலம் நன்றாகச் சூடேறிய பிறகு, மத்தியானத்துக்கு மேல், காற்று வலுப்பதற்கும் இதுதான் காரணம்.

எல்லாக் காற்றும் வாசலுக்கு வருவதில்லை. ஒரு பங்கு மலையேறவே செய்கிறது. ஆனி மாதச் சாயங்காலம் கணவாய்க்குக் கிழக்கே நின்று மலையின் தலையைப் பாருங்கள். உச்சியை மூடிக்கொண்டு வெள்ளை மேகம் கிடக்கும். நம் மீது காற்று சீறிக்கொண்டிருக்கும்போது அந்த மேகம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். உற்றுப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்: மேகத்தின் கிழக்கு விளிம்பு கீழே வழிந்து, ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு வந்ததும் இல்லாமல் போகிறது. பின்னாலிருந்து புது மேகம் வந்துகொண்டே இருக்கிறது, முன்னால் கரைந்துகொண்டே இருக்கிறது. மேலே ஏறும் ஈரக்காற்று குளிர்ந்து, நீராவி துளியாகி, மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டுகிறது. துளியாகும்போது நீராவி தன் வெப்பத்தை விடுவதால், மேகத்துக்குள் ஏறும் காற்று கிலோமீட்டருக்கு ஐந்தாறு டிகிரிதான் குளிர்கிறது. ஈரத்தை இழந்து இந்தப் பக்கம் இறங்கும்போதோ, நசுங்கி நசுங்கி, கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி சூடேறுகிறது. நாஞ்சில் நாட்டில் நாற்று நடும்போது ராதாபுரத்தில் மண் வெடிப்பது இந்தக் கணக்கால்தான். மேற்கே பெய்த மழையைத் திரும்ப வாங்குவதற்கு ஒரு கால்வாய் உண்டு. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் தோவாளைக் கால்வாய் வழியாக ராதாபுரம் கால்வாய்க்கு வந்து இந்தப் பக்கத்து 52 குளங்களுக்குப் போகிறது.

இந்த வறண்ட காற்று வெறுங்கையோடு கடலுக்குப் போனதில்லை. திசையன்விளை, உவரி பக்கம் போனால் கண் கூசும் செம்மணல் மேடுகள், தேரி. ஒரு பிடி அள்ளினால் விரல் இடுக்கில் துரு நிறம் ஒட்டும். மணல் பரல்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு அது. மலையடிவாரத்துச் செம்மண்ணை மேகாத்து, அதாவது இந்த மேல்காற்று, உலர்த்தி, சலித்து, கடலோரத்தில் கொண்டுவந்து குவித்ததே தேரி என்பது நெடுநாள் விளக்கம். 1883-ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் அறிக்கையை எழுதிய ராபர்ட் புரூஸ் ஃபுட் முதல் பல நிலவியலாளர்கள் இந்த மணலை ஆராய்ந்திருக்கிறார்கள். தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பார்த்தால், கற்கால மனிதனும் இந்த மணலில் நடந்திருக்கிறான்.

காற்றாலைகளுக்கு வருவோம். கணவாயை ஒட்டிய முப்பந்தல் சுற்றுவட்டாரத்தில் சுமார் 1,500 மெகாவாட் அளவுக்குக் காற்றாடிகள் நிற்கின்றன. இடத்தேர்வுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெருக்கல் இருக்கிறது: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகிறது. அதனால்தான் கணவாய் தரும் கொஞ்சம் கூடுதல் வேகத்துக்கு இவ்வளவு மரியாதை. அந்த ஆற்றல் முழுவதையும் பிடுங்கிவிடவும் முடியாது. பிடுங்கினால் காற்று இறக்கைக்குப் பின்னால் அப்படியே நின்றுபோய், அடுத்து வரும் காற்றுக்கு வழி இருக்காது. அதிகபட்சம் 59.3 சதவீதம்தான் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு வருடத்துக்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டார். அந்த எல்லையைத் தாண்டிய இயந்திரம் இன்னும் வரவில்லை.

சீசன் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவம் தொடங்கினால் காற்று திசை மாறி வங்கக்கடல் பக்கமிருந்து வரும். வேகம் பாதிக்கும் கீழே. காற்றாடியின் தலையைக் கவனித்தால் போதும், காலண்டர் வேண்டாம்: ஆடியில் மேற்கே பார்த்த முகம் கார்த்திகையில் கிழக்கே திரும்பியிருக்கும். தை, மாசி நாட்களில் பல இறக்கைகள் அசையாது. வெயில் தணிவு, நடப்பதற்கு நல்ல காலம். கூந்தன்குளத்துக்கு வலசை வந்த பறவைகளையும் அப்படியே பார்த்துவிட்டு வரலாம். பங்குனி, சித்திரை மட்டும் பகலில் தாங்காது. அதிகாலையில் போய்விட்டுத் திரும்பிவிட வேண்டியதுதான்.

மலையேறும் ஆசை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சரிவுகள் காப்புக்காடு. ஒரு பக்கம் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம், மறுபக்கம் களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் இயந்திரச் சோதனை வளாகம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. நான்கு வழிச்சாலையின் ஓரத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பதும் ஆபத்து. லாரி கடந்துபோகும்போது காற்று திடீரென்று தடைபட்டு, மறுநொடி மொத்தமாக வந்து பைக்கைத் தள்ளும். பிள்ளைகளோடு போகிறவர்கள் காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் பஸ் ஏறி, வலது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். மலை அந்தப் பக்கம்தான். மாவட்ட நிர்வாகம் மனது வைத்து, சாலையிலிருந்து தள்ளி ஒரு நிறுத்துமிடமும், இந்தக் காற்றின் கதையைச் சொல்லும் ஒரு பலகையும், அன்றைய வேகத்தைக் காட்டும் ஒரு கருவியும் வைத்துக் கொடுத்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருடம் முழுக்கப் பாடம் நடக்கும்.