தோட்டாவைச் சுற்றி ஒரு துப்பாக்கி

நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணை அள்ளும் ராட்சதச் சக்கர எந்திரங்களின் பூர்வீகம் ஜெர்மனி. அந்நாட்டுச் சுரங்கங்களின் மென்மையான மேல்மண்ணை வெட்டுவதற்காக உருவான வடிவமைப்பு அது. இங்கே அவை எதிர்கொண்டதோ கடலூர் மணற்கற்பாறை. கடினமானது, எஃகையே அரைக்கக்கூடியது. வாளிகளின் பற்கள் வேகமாகத் தேய்ந்தன. பற்களின் உலோகத்தையும் அமைப்பையும் மாற்றினார்கள். பாறையில் துளையிட்டு, வெடிவைத்துத் தளர்த்திவிட்டுப் பிறகு சக்கரத்தை இறக்கினார்கள். வந்த எந்திரத்தை ஊருக்கேற்பத் திருத்தி வேலை வாங்கிய கதை இது.

அதே ஊரில் 1962இல், சோவியத் ஒத்துழைப்போடு மின்சாரம் தரத் தொடங்கிய அனல்மின் நிலையத்தின் பாய்லர் கதை வேறு. லிக்னைட் எனப்படும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி வெறும் ஈரம். கருநிலக்கரிக்கென்று கட்டிய பாய்லரில் இதைப் போட்டு, அங்கங்கே மாற்றிச் சமாளிக்க முடியாது. உலை எவ்வளவு பெரியது, கரியை எப்படி உலர்த்தி அரைப்பது என்பதெல்லாம் எரிபொருளின் குணத்திலிருந்தே கணக்கிடப்பட வேண்டும். அதனால் பாய்லர் லிக்னைட்டைச் சுற்றியே கட்டப்பட்டது.

எதைத் திருத்தினால் போதும், எதை அடியிலிருந்து கட்ட வேண்டும் என்ற கேள்வியை இவற்றைவிட மிகச் சிறிய ஒரு பொருளிடம் கேட்டுப் பார்க்கலாம். என்.சி.சி. மாணவர்கள் ‘பாயிண்ட் டூ டூ’ என்று அழைக்கும் .22 ரைஃபிள் அது. 1948இல் தேசிய மாணவர் படை தொடங்கியதிலிருந்து, தரையில் குப்புறப் படுத்து 25 கஜத் தொலைவில் உள்ள இலக்கை நோக்கி முதல் குண்டைச் சுட்ட லட்சக்கணக்கான பிள்ளைகளின் தோளில் இடித்தது இந்தத் துப்பாக்கிதான்.

முதலில் தோட்டாவைப் பார்ப்போம். பெரிய தோட்டாக்களில் பொறி கிளப்பும் மருந்து, அடிப்பாகத்தின் நடுவே தனியாகப் பதித்த ஒரு குமிழில் இருக்கும். .22 தோட்டாவில் அந்தக் குமிழ் கிடையாது. பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு உள்ளே வெற்றிடமாக மடிந்திருக்கும். ஈரமான மருந்தைக் கூட்டுக்குள் இட்டு வேகமாகச் சுழற்றினால், அது அந்த மடிப்புக்குள் போய்ப் படிந்துகொள்ளும். சுடும்போது துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்குகிறது, மருந்து பற்றுகிறது. ரிம்ஃபயர் என்பது இதுதான். 1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ‘லாங் ரைஃபிள்’ தோட்டாவே இன்றும் ஒலிம்பிக் வரை போகிறது.

மலிவுக்கும் எளிமைக்கும் இதை மிஞ்ச ஆளில்லை. துல்லியத்துக்கு மட்டும் இதுவே சோதனை. விளிம்பைச் சுற்றி மருந்து எல்லாப் பக்கமும் ஒரே அளவில் படிய வேண்டும். ஊசி எந்தப் பக்கம் நசுக்கினாலும் ஒரே மாதிரி பற்ற வேண்டும். சற்றுப் பிசகினால் குண்டின் வேகம் மாறும். 2.6 கிராம் எடையுள்ள போட்டிக் குண்டு நொடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டு, வழியில் மறுபடி அதற்குக் கீழே இறங்கும் குண்டு அந்தக் கட்டத்தில் தடுமாறும் என்பதால், வேண்டுமென்றே ஒலியைவிடச் சற்று மெதுவாக வைத்திருக்கிறார்கள். 50 மீட்டரைக் கடக்க 0.16 நொடி ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பு குண்டை ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடுகிறது. வேகம் நொடிக்கு 5 மீட்டர் குறைந்தால், குண்டு மேலும் 4 மில்லிமீட்டர் தாழ்ந்து விழும். ஒலிம்பிக் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். சுடுபவர் எந்தத் தவறும் செய்யாமலேயே அரைப் புள்ளி போய்விடுகிறது.

இனி நம் என்.சி.சி. ரைஃபிளுக்கு வருவோம். அந்தப் படையில் நெடுங்காலம் புழங்கிய ‘நம்பர் 2 மார்க் 4’ புதிதாகப் பிறந்த துப்பாக்கி இல்லை. பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 லீ-என்ஃபீல்டைத் திருத்தி உண்டாக்கியது. குழலுக்குள் .22 அளவுக் குழாயைச் செருகியோ, புதுக் குழலைப் பொருத்தியோ, கூடவே நடுவில் குத்தும் ஊசியை விளிம்பில் குத்தும்படி மாற்றி இந்த வேலை நடந்தது. கொல்கத்தாவுக்கு அருகே உள்ள இச்சாபூர் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் இந்த மாற்றங்கள் செய்யப்பட்டன. நோக்கம் தெளிவானது: சிப்பாய் போரில் ஏந்தப்போகும் அதே எடை, அதே போல்ட், அதே குறிவைக்கும் பழக்கம், செலவு மட்டும் சொற்பம், சுடும் களமும் சின்னதாக இருந்தால் போதும். இந்த வேலைக்கு இதைவிடச் சிறந்த வழி இருந்திருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனாலும் பழைய உடம்பின் பழக்கங்கள் போகவில்லை. லீ-என்ஃபீல்டின் ஊசிப் பகுதி கனமானது, நெடுந்தூரம் பாய்ந்து குத்துவது. சேற்றிலும் குளிரிலும் தோட்டா தவறாமல் வெடிக்க அந்த முரட்டுத்தனம் தேவைப்பட்டது. சிறிய .22க்கு அது மிகை. விசையை இழுத்ததற்கும் தோட்டா பற்றுவதற்கும் இடையில் நேரம் நீள்கிறது. அந்த இடைவெளியில் கை அசைகிறது, மூச்சு அசைகிறது, நெஞ்சுத் துடிப்பே குழலை நகர்த்திவிடுகிறது.

தோட்டாவிலிருந்து தொடங்கிக் கட்டிய துப்பாக்கியில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. ஜெர்மனியின் அன்ஷூட்ஸ் நிறுவனம் 1950களில் கொண்டுவந்த ‘மாட்ச் 54’ அப்படி வந்தது. ஊசி இலேசானது, பாயும் தூரம் குறைவு. விசையை இழுத்தால் நொடியின் ஆயிரத்தில் சில பங்குகளில் பற்றிவிடும். தோட்டா அமரும் அறை மிக இறுக்கமானது. போல்ட்டை மூடும்போதே ஈயக் குண்டின் மூக்கு குழலின் புரிகளில் பதிந்து நேராக நின்றுவிடும். கடையில் விற்கும் பொதுத் துப்பாக்கியின் அறை அப்படி இருக்க முடியாது. எந்த நிறுவனத்தின் தோட்டாவும் சிக்காமல் போய்வர வேண்டும் என்பதால் அங்கே கொஞ்சம் தளர்வு வைத்தே ஆக வேண்டும்.

குழலின் நீளத்தில் ஒரு விந்தை ஒளிந்திருக்கிறது. .22 தோட்டாவின் சிட்டிகை வெடிமருந்து முதல் சில சென்டிமீட்டருக்குள்ளேயே உச்ச அழுத்தத்தைத் தொட்டுவிடும். 40 சென்டிமீட்டர் வாக்கில் குண்டு பெற வேண்டிய வேகத்தைப் பெற்றுவிடுகிறது. அதற்கு மேல் குழலின் உராய்வு அதைச் சற்று மந்தப்படுத்தவே செய்யும். அப்படியிருந்தும் போட்டி ரைஃபிள்களில் 65 சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட குழல்களைப் பார்க்கலாம். அந்த நீளம் வேகத்துக்காக வைத்ததில்லை. குறிகாட்டிகள் இரண்டும் தள்ளித்தள்ளி இருக்கவும், எடை முன்னால் நின்று ஆட்டத்தை அடக்கவும் வைத்தது.

அமெரிக்காவில் திருத்தும் வழிக்குப் பேர்போனது, 1964இல் வந்த ரூகர் 10/22. குழலை இரண்டு திருகாணிகளே பிடித்திருப்பதால், வாங்கியவர்கள் முதலில் குழலை மாற்றுகிறார்கள். பிறகு விசை, பிறகு கட்டை, பிறகு போல்ட். கடைசியில் முதலில் வாங்கிய துப்பாக்கியில் நடுக்கூடு மட்டும் மிச்சமிருக்கும். துல்லியம் கூடும் என்பது உண்மை. ஆனால் தானாகவே தோட்டா மாற்றிச் சுடும் அந்த அமைப்புக்கு, அறையில் கொஞ்சமேனும் தளர்வு எப்போதும் தேவை. அந்த ஒன்றை எத்தனை பாகங்களை மாற்றினாலும் தாண்ட முடியாது.

நம் நாட்டில் இது வீட்டுப் பட்டறைக் கலையாக வளர வழியில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைத் தயாரிக்க மட்டுமல்ல, வடிவம் மாற்றவும் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். அது சரிதான். எனவே இங்கே திருத்துவதா, அடியிலிருந்து கட்டுவதா என்ற கேள்வி தொழிற்சாலைகளுடையதும் வீரர்களுடையதும்.

வீரர்கள் அதற்குச் சொல்லும் பதில் சுவையானது. 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸில், 50 மீட்டர் ரிம்ஃபயர் ரைஃபிளின் மூன்று நிலைப் போட்டியில் 451.4 புள்ளிகளோடு வெண்கலம் வென்றவர் கோலாப்பூர்க்காரர் ஸ்வப்னில் குசாலே. அந்தப் பிரிவில் இந்தியாவுக்கு அதுவே முதல் ஒலிம்பிக் பதக்கம். இந்த மட்டத்தில் ரைஃபிளின் உள்ளுறுப்புகளைத் தொழிற்சாலையே தோட்டாவுக்கென்று கட்டித் தந்துவிடுகிறது. கன்னம் சாயும் கட்டை, தோளில் பதியும் கொக்கி, கைப்பிடி, எடைக்கட்டிகள் ஆகியவற்றை வீரர் தன் கழுத்து நீளத்துக்கும் தோள் அகலத்துக்கும் ஏற்ப மாதக்கணக்கில் நகர்த்தி நகர்த்திப் பொருத்துகிறார். நின்று சுட ஓர் அளவு, மண்டியிட வேறு, படுத்துச் சுட இன்னொன்று.

அதற்குப் பிறகும் தோட்டா விடுவதில்லை. ஒரே எந்திரத்தில் ஒரே நாளில் தயாரித்த தோட்டாக்களின் தொகுதி ஒன்று ஒரு குழலில் குண்டுகளை ஒரே துளையில் குவிக்கும். அதே தொழிற்சாலையின் அடுத்த குழலில் அதே தொகுதி சுமாராகச் சிதறும். ஆகவே இங்கிலாந்தின் ஈலி, பின்லாந்தின் லாபுவா போன்ற நிறுவனங்களின் சோதனைக் களங்களில், வீரர்கள் தம் ரைஃபிளைக் கட்டை நீக்கி இரும்புப் பிடியில் இறுக்கிவைத்து, தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்க்கிறார்கள். நன்றாகக் குவியும் எண்ணைக் குறித்துக்கொண்டு அதிலேயே ஆயிரக்கணக்கில் வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள். அது தீரும்போது மறுபடி இரும்புப் பிடிக்குப் போக வேண்டியதுதான்.