உளவியலாளரும் குடும்ப வைத்தியரும்

யேர்மனியில் 1999ஆம் ஆண்டு முதல், உளச்சிகிச்சை உரிமம் பெற்ற உளவியலாளரிடம் வைத்தியரின் கடிதமின்றியே செல்லலாம். 2017 முதல் அவர்கள் நோயாளியை மருத்துவமனையில் அனுமதிக்கவும் எழுதிக்கொடுக்கலாம். மருந்து எழுத அனுமதியில்லை.

சோர்வு, நித்திரையின்மை, நெஞ்சு இறுக்கம் ஆகியவை மனத்துயராலும் வரும். தைரொயிட் குறைபாட்டாலும் இருதய நோயாலும் வரும். பிரித்தறியும் பொறுப்பு யாருடையது? சிகிச்சை தொடங்குமுன் வைத்தியர் பரிசோதித்து அறிக்கை தரவேண்டும் என்கிறது சட்டம். அதை வெறும் கடதாசி வேலையாக எண்ணாதீர்கள்.

டார்ம்ஸ்டாட்டில் நம்மவர் சிலர், போர்க்காலத் துயரங்கள் தமிழ் வைத்தியர் மூலம் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சுகின்றனர். அஞ்சவேண்டாம். உங்கள் சம்மதமின்றி உளவியலாளர் எங்களிடம் எதையும் சொல்லமுடியாது. நாங்களும் வெளியே சொல்லமுடியாது. விரும்பாத கதைகளை எங்களிடம் சொல்லத் தேவையில்லை. எடுக்கும் குளிசைகளை மட்டும் இருவரிடமும் தவறாமல் சொல்லுங்கள்.