நாலு மீட்டர் முறுக்கு

எங்கள் வீட்டில் ஒரு கிரேப் பேண்டேஜ் இருக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். அம்மா குளியலறைப் படியில் கால் பிசகி விழுந்தபோது வாங்கியது. அகலம் 10 சென்டிமீட்டர், இழுத்துப் பிடித்தால் நீளம் 4 மீட்டர். அம்மாவின் கால் ஒரு மாதத்தில் தேறிவிட்டது. பேண்டேஜுக்குத்தான் அதன்பிறகு ஓய்வே இல்லை. மூன்றாம் வீட்டுப் பையன் கபடியில் கணுக்காலைத் திருகிக்கொண்டான், வாங்கிப் போனார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு முட்டி வீக்கம், அங்கே பத்து நாள் இருந்தது. திரும்பி வரும்போதெல்லாம் ஒரு புதுத் தைல வாசனையோடு வரும். ஒரு கிளிப் குறைந்து வரும். கடைசியாக வந்தபோது அதில் இழுவையே இல்லை. கிழித்தெடுத்த வேட்டிக் கரை மாதிரி தொய்ந்து கிடந்தது.

குப்பைக்குப் போக இருந்ததைக் காப்பாற்றியவர் அம்மாவுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்த பிசியோதெரபிஸ்ட். "துவைச்சீங்களாம்மா?" என்று கேட்டார். "பெரிசா அழுக்கு இல்லையே சார்" என்றேன். "அழுக்குக்காக யார் துவைக்கச் சொன்னா? இழுவை திரும்பணும்னா அதுக்குத் தண்ணி காட்டணும்" என்றார்.

காட்டினேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் நீளம் குறைந்து, மேலெல்லாம் சுருக்கம் விழுந்து, இழுத்தால் திரும்பி ஓடுகிறது. அன்றைக்குத்தான் இந்தப் பொருள்மேல் எனக்கு மரியாதை வந்தது.

சூட்சுமம் நூலில் இருக்கிறது. கயிறு திரிக்கிறவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முறுக்கு அளவுக்கு மீறினால் கயிறு நேராக நிற்காது, தானாகச் சுருண்டு மடங்கும். அசல் பருத்தி கிரேப் பேண்டேஜில் நீளவாட்டில் ஓடும் நூலுக்கு அப்படி மிகை முறுக்கு ஏற்றியிருப்பார்கள். ஒரு நூலுக்கு வலப்பக்க முறுக்கு, இன்னொன்றுக்கு இடப்பக்க முறுக்கு என்று மாற்றி வைத்து நெய்வார்கள்; இல்லாவிட்டால் துணி ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். நெய்த துணி நனைந்ததும் பஞ்சிழைகள் ஊறிப் பருக்கின்றன. அடைபட்டிருந்த முறுக்கு வேலையைக் காட்ட, துணி சுருங்கிக்கொள்கிறது. கிரேப் சில்க் புடவையை அவசரப்பட்டுத் தண்ணீரில் முக்கிவிட்டு, முழம் குறைந்ததென்று அழுதவர்கள் இதே கணக்கில் ஏமாந்தவர்கள்தாம். புடவைக்கு அது நஷ்டம், பேண்டேஜுக்கு அதுதான் உயிர். கட்டக் கட்ட நூல் நீண்டு களைத்துப் போகிறது. நனைத்து உலர்த்தினால் பழைய சுருக்கத்துக்குத் திரும்புகிறது. முழுதாக அல்ல, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டுதான்.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிப் பக்கம் போனால் விசைத்தறிச் சத்தம் கேட்கும். புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்வதற்குப் பேர்போன ஊர் அது. அந்தச் சாதாரண பேண்டேஜ் துணியும் பருத்தி, அசல் கிரேப்பும் பருத்தி. முன்னது மருந்தை நிறுத்திவைக்கும், ஒரு தடவையோடு அதன் வேலை முடிந்தது. பின்னது தசையைப் பிடித்துக்கொள்ளும், திரும்பத் திரும்ப வேலைக்கு வரும்.

அமெரிக்காவில் 1918-ல் பெக்டன் டிக்கின்சன் கம்பெனி விற்கத் தொடங்கிய ஏஸ் பேண்டேஜின் பெயரே 'ஆல் காட்டன் எலாஸ்டிக்' என்பதன் முதலெழுத்துகள்தாம். ரப்பர் இல்லாமலே பருத்தி இழுபடும் என்பதை அன்றைக்குப் பெயரிலேயே சொல்லி விற்கவேண்டியிருந்தது. பிறகு 1958-ல் டியூபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் ஸ்பான்டெக்ஸ் இழையைக் கண்டுபிடித்தார். ('எக்ஸ்பாண்ட்ஸ்' என்ற சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு வைத்த பெயராம்.) இன்று மருந்துக்கடையில் 'கிரேப் பேண்டேஜ் கொடுங்க' என்று கேட்டு வாங்குவதில் பாதிக்கு மேல் ரப்பர் நூலோ ஸ்பான்டெக்ஸோ கலந்திருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். வெட்டிய ஓரத்தில் ஓர் இழையைப் பிரித்து இழுத்துப் பார்த்தால் போதும். ரப்பர் கலந்தது சுளீரென்று திரும்பும்.

எது என்று தெரிந்துகொண்டால்தான் துவைக்கமுடியும். பருத்தி மட்டும் என்றால் சூட்டைக் கொஞ்சம் தாங்கும். ரப்பரும் ஸ்பான்டெக்ஸும் தாங்காது. கொதிநீர், இஸ்திரிப் பெட்டி, துணி உலர்த்தும் மெஷின் எல்லாமே அவற்றுக்கு எமன். குளோரின் கலந்த ப்ளீச் ஸ்பான்டெக்ஸை அரிக்கும். உச்சி வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் ரப்பர் வெடிக்கும். பழைய சைக்கிள் ட்யூபைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை.

ரப்பருக்கு இன்னொரு எதிரி நம் ஊரில்தான் அதிகம்: எண்ணெய். கால் பிசகினால் நம் கை முதலில் தேடுவது தைலத்தை. நன்றாகத் தேய்த்து, அதன்மேல் பேண்டேஜைச் சுற்றிவிட்டுப் படுத்தால்தான் வைத்தியம் பார்த்த திருப்தி. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப் பருத்து, பிறகு பலமிழந்துபோகும். பேண்டேஜ் போனால் போகிறது, தோலைப் பார்க்கவேண்டும். மென்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் கலந்த வலி மருந்துகளின் டப்பாவில், தடவிய இடத்தை இறுக்கிக் கட்டாதீர்கள் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கட்டினால் தோல் வெந்து கொப்புளம் போடலாம். அந்தப் பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை. நானும் படித்ததில்லை, அம்மாவின் கணுக்கால் ஒருநாள் தக்காளிச் சிவப்பாகும் வரைக்கும்.

துவைப்பதற்கு வருவோம். முதலில் கிளிப்பைக் கழற்றி ஒரு டப்பாவில் போடுங்கள். அது தண்ணீரில் கிடந்தால் துருக்கறை துணியில் ஏறும். சுருளாகவே முக்காமல் முழுக்கப் பிரித்துப் போடவேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சோப்புத்தூள், பத்துப் பதினைந்து நிமிட ஊறல். பிறகு உள்ளங்கைக்குள் வைத்து அமுக்கி அமுக்கி எடுத்தால் வியர்வை இறங்கிவிடும். தைலப் பிசுக்கு இருந்தால் இன்னொரு சோப்புத் தண்ணீர். கல்லில் அடிப்பதும் பிரஷ் போடுவதும் கூடாது. அலசுவதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தங்கிய சோப்பு வியர்வையில் கரைந்து நாள் முழுக்க அரிக்கும். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றும் துணி மென்மையாக்கி திரவம் இதற்கு ஆகாது. இழைமேல் படலமாகப் படிந்து பிடிப்பைக் கெடுக்கும்.

முறுக்கிப் பிழியாமல் இருப்பதுதான் ஆகக் கடினம். ஈரத்துணியைக் கண்டால் முறுக்குவது நம் கைக்குப் பரம்பரைப் பழக்கம். ஒரு துண்டை விரித்து, அதன்மேல் பேண்டேஜை மடித்துப் போட்டு, பாய் மாதிரிச் சுருட்டி, அழுத்திவிட்டு எடுத்தால் தண்ணீர் துண்டுக்குப் போய்விடும். உலர்த்துவதும் படுக்கையாகத்தான். ஒரு முனையைக் கொடியில் மாட்டித் தொங்கவிட்டால் தண்ணீரெல்லாம் கீழ்முனைக்கு இறங்கி, அந்தக் கனம் துணியை இழுத்துக்கொண்டே இருக்கும். இழுவையைத் திரும்பப் பெறத் துவைத்துவிட்டு அதைக் கொடியிலேயே பறிகொடுப்போம். நான் நாற்காலி முதுகுகளில் மடித்து மடித்துப் போட்டு ஃபேனுக்கு அடியில் விடுகிறேன். வாஷிங் மெஷினில் போட்டே தீரவேண்டுமென்றால் வலைப்பையில் அடைத்துப் போடுங்கள். ஒருமுறை அப்படியே போட்டேன். நாலு மீட்டர் பாம்பு இரண்டு சட்டைகளையும் ஒரு பாவாடையையும் பின்னிப் பிணைந்து வெளியே வந்தது.

நன்றாகக் காய்ந்தபிறகு, இழுக்காமல் தளர்வாகச் சுருட்டிவைக்கவேண்டும். இறுக்கி இழுத்துச் சுருட்டினால் அலமாரியில் கிடக்கும்போதும் நூல் நீண்டபடியே கிடக்கும்.

பழைய பேண்டேஜால் ஆபத்து என்ன? தொய்ந்த துணி பிடிக்காது, அவ்வளவுதானே என்று நானும் நினைத்திருந்தேன். பிடிக்காத துணியை நம் கை கூடுதலாக இழுக்கும், கூடுதலாகச் சுற்றும். இழுவை இருக்கும் துணி, கால் வீங்கினால் தானும் விட்டுக்கொடுக்கும். செத்த துணி கயிறு மாதிரி நிற்கும். லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணித மேதையின் பெயரில் ஒரு விதி உண்டு. கட்டின் அழுத்தம் இழுப்போடும் சுற்றின் எண்ணிக்கையோடும் கூடும், காலின் பருமன் கூடினால் குறையும். அதனால் விரலடியில் தொடங்கி மேல்நோக்கி ஒரே இழுப்பில், பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றினால் மெலிந்த கணுக்காலில் அதிக அழுத்தமும் பருத்த ஆடுசதையில் குறைந்த அழுத்தமும் தானாக விழும். துணியில் ஓரிடம் தொய்ந்து ஓரிடம் விறைத்திருந்தால் இந்தக் கணக்கு குலையும். கட்டி முடித்ததும் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகத்தில் இரண்டு மூன்று நொடியில் சிவப்பு திரும்பவேண்டும். விரல் குளிர்ந்தாலோ மரத்தாலோ நீலம் பாரித்தாலோ உடனே அவிழ்த்துவிடவேண்டும்.

சர்க்கரை நோயாளிகளும் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் இறுக்கிக் கட்டவே கூடாது. உணர்ச்சி குறைந்த காலுக்குக் கட்டு இறுகுவது தெரியாது.

ஒரு நாள் கிழமைக்குக் கட்டுகிறவர்களைவிட இதையே நம்பிப் பிழைக்கிறவர்களிடம்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. எங்கள் பகுதியில் துணிக்கடை வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி, காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதால் தினமும் காலையில் எழுந்ததும் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டுதான் கிளம்புவாள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. "ஸ்டூல் வந்துச்சுக்கா. கூட்டம் இருக்கறப்ப அதுல உக்கார நேரம் எங்க?" என்பாள். அவளிடம் ஒரே பேண்டேஜ் இருந்தது. தினமும் துவைத்தால் மழைக்காலத்தில் விடிவதற்குள் காயாது. துவைக்காவிட்டால் மூன்றாம் நாளே முட்டிக்குக் கீழே வளையமாகச் சரிந்து, வெட்டுகிற மாதிரி வலிக்கும். இரண்டு வாங்கி மாற்றி மாற்றிக் கட்டு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, ஒன்றின் விலை அவளுடைய அரைநாள் கூலியைத் தின்றுவிடும். பிறகு அவளே சீட்டுப் பணத்தில் இரண்டாவதை வாங்கினாள். இரண்டும் முன்பு ஒன்று உழைத்த காலத்தைப்போல் மூன்று மடங்கு உழைக்கின்றன என்பது அவள் கணக்கு. ஒரு நாள் வேலை, ஒரு நாள் குளியலும் ஓய்வும் என்றால் நூலுக்கும் தெம்பு இருக்கும்தானே. இதேபோன்ற அழுத்தக் காலுறைகளை ஆறு மாதத்துக்கொருமுறை மாற்றச் சொல்வார்கள், அதுவும் தினமும் துவைத்தால்தான்.

இரவில் அவள் அவிழ்த்துவைத்துவிடுகிறாள். நன்றாக இழுபடும் ரகம் படுத்திருக்கும்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும் என்பதால் அதுவே சரி. யானைக்கால் வீக்கத்துக்குச் சிகிச்சையாளர்கள் கட்டும் பட்டை வேறு, அதிகம் இழுபடாத ரகம். அதை ராத்திரியும் விட்டுவைப்பதுண்டு.

தெருவுக்குப் பொதுவாக ஒரு பேண்டேஜ் என்ற எங்கள் ஏற்பாட்டை நிறுத்தச் சொன்னதும் பிசியோதெரபிஸ்ட்தான். படர்தாமரை இப்போது வழக்கமான மருந்துகளுக்குச் சுலபமாக அடங்குவதில்லை. அதன் கிருமி தோல்செதிலோடு துணியில் தங்கும். அதைக் கொல்லுகிற சூட்டில் துவைத்தால் ரப்பர் செத்துப்போகும், ரப்பரைக் காப்பாற்றினால் கிருமி பிழைத்துக்கொள்ளும். ஆளுக்கொன்று வைத்துக்கொள்வதைத் தவிர இதற்கு வழி கிடையாது. திறந்த புண்மேல் நேராகக் கட்டி சீழோ ரத்தமோ ஊறியதை விட்டெறிவதே நல்லது.

எங்கள் பழைய பேண்டேஜ் அதற்கப்புறம் எட்டு மாதம் ஓடியது. ஒருநாள் துவைத்துக் காய்ந்தபிறகும் சுருக்கம் விழவில்லை. ஒரு ஜாண் இழுத்துவிட்டால் போன இடத்திலேயே நின்றது. இப்போது விருந்தாளிப் பாய்களைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். புதிதாக வாங்கிய இரண்டின் ஓரத்திலும் அம்மாவின் பெயரை மார்க்கரில் எழுதியாயிற்று.

போன வாரம் மூன்றாம் வீட்டுப் பையன் நொண்டிக்கொண்டே வந்து நின்றான். நான் வாயைத் திறப்பதற்குள், "இல்லத்த, சொந்தமா வாங்கிட்டேன், துவைச்சும் வச்சிருக்கேன்" என்றான்.

"அப்புறம் என்னடா?"

"கிளிப்புதான் தொலைஞ்சு போச்சு. உங்ககிட்ட ஒண்ணு இருக்குமா?"