அளவுகோல்களின் கதை – 12: டூஷென் பெயர், மெரியன் கண்

தரையில் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுப் பையனை எழுந்து வரச் சொல்கிறார் டாக்டர். அவனால் சட்டென்று எழ முடியவில்லை. முதலில் குப்புறத் திரும்புகிறான். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்துகிறான். ஒரு கை முழங்காலுக்கு வருகிறது, அடுத்த கை தொடைக்கு. தன் காலையே பிடித்து ஏறி ஒருவழியாக நிமிர்கிறான். கெண்டைக்கால் மட்டும் நன்றாகத் திரண்டிருக்கிறது. பெற்றோர் அதைப் பலம் என்று நினைத்திருப்பார்கள். தசை இருக்கவேண்டிய இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்துகொண்டிருக்கின்றன என்பது டாக்டருக்குத் தெரியும்.

எழுந்திருக்கும் இந்த விதத்தை 1879இல் விரிவாக எழுதியவர் லண்டன் டாக்டர் வில்லியம் கவர்ஸ். அந்த அறிகுறிக்கு இன்றும் அவர் பெயர்தான். நோய்க்கோ பிரெஞ்சு டாக்டர் டூஷென் பெயர். 1868இல் 13 நோயாளிகளின் விவரங்களோடு அவர் அதை வரையறுத்தார். டூஷென் தசைச் சிதைவு நோய் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வருகிறது. பன்னிரண்டு வயதுக்குள் பெரும்பாலானோர் சக்கர நாற்காலிக்குப் போய்விடுவார்கள். பிறகு மூச்சுத் தசைகளும் இதயமும் தளரும்.

போன வாரம் யூஜின் கார்ஃபீல்டைப் பார்த்தோம். எந்த ஆய்வுக் கட்டுரையை எந்தெந்தக் கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன என்று தேட, 1964இல் பிலடெல்பியாவிலிருந்து அவர் கொண்டுவந்த அட்டவணை, கொஞ்ச காலத்திலேயே ஆட்களை எடைபோடும் தராசாகிவிட்டது. 2005இல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் அந்தத் தராசுக்கு ஒற்றை எண் தந்தார். பத்துக் கட்டுரைகள் தலா பத்துத் தடவையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் எச்-இன்டெக்ஸ் பத்து. கணக்கு எளிது, அதனால்தான் நம் ஊர்ப் பேராசிரியர் வேலை விண்ணப்பம் வரை வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் ஒரே கட்டுரை எழுதி அது பத்தாயிரம் தடவை மேற்கோள் காட்டப்பட்டாலும் எச்-இன்டெக்ஸ் ஒன்றுதான்.

இந்த எண்கள் தசை நோயில் எதைப் பிடிக்கின்றன, எதைத் தவறவிடுகின்றன?

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் லூயி குன்கெல் என்ற மரபியலாளரிடம் 1980களின் நடுவில் ஒரு பையனின் டிஎன்ஏ வந்து சேர்ந்தது. டூஷென் உட்பட நான்கு நோய்கள் அவனுக்கு ஒன்றாக இருந்தன. எக்ஸ் குரோமோசோமில் ஒரு துண்டே காணாமல் போனதுதான் காரணம். அந்தத் துண்டில்தான் டூஷென் மரபணு இருக்கவேண்டும். காணாமல் போனதை எப்படித் தேடுவது? நான்கு எக்ஸ் குரோமோசோம்கள் கொண்ட செல்களின் டிஎன்ஏவோடு பையனின் டிஎன்ஏவைப் பெருமளவு கலந்தார்கள். இருவரிடமும் உள்ள பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, பையனிடம் இல்லாத பகுதி தனியே மிஞ்சியது. மிஞ்சியதைப் பிடித்தார்கள். அறிவியலில் நான் படித்த அழகான கழித்தல் கணக்கு இது.

1987 டிசம்பரில் ‘செல்’ இதழில் எரிக் ஹாஃப்மன், ராபர்ட் பிரவுன், குன்கெல் மூவரும் அந்த மரபணு உருவாக்கும் புரதத்தை அறிவித்தார்கள். டிஸ்ட்ரோபின் என்று பெயரும் வைத்தார்கள். டூஷென் பிள்ளைகளின் தசையில் அது இல்லை. அந்தக் கட்டுரை பல ஆயிரம் தடவை மேற்கோள் காட்டப்பட்டுவிட்டது, நியாயமான புகழ்தான். ஆனால் டிஸ்ட்ரோபின் பாடப்புத்தகச் சொல்லாகிவிட்டதால், இன்று அதை எழுதுகிற பலர் மூலக் கட்டுரையைக் குறிப்பிடுவதே இல்லை. ஒரு கண்டுபிடிப்பு முழு வெற்றி பெற்றதும் அதன் மேற்கோள் கணக்கு நின்றுபோகலாம்!

அடுத்த ஆண்டே குன்கெல் குழுவினர் இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் பெயர் அந்தோனி மொனாக்கோ. இதழ் ‘ஜீனோமிக்ஸ்’, ‘செல்’ அளவுக்குப் பேர்போனது அல்ல. மரபணுவில் பெரிய துண்டு போன சில பிள்ளைகளுக்குப் பெக்கர் என்ற மிதமான நோய் வருகிறது; சின்னத் துண்டு போனவர்களுக்குக் கடுமையான டூஷென் வருகிறது. ஏன்? மரபணுவின் எழுத்துகளைச் செல் மூன்று மூன்றாகப் படிக்கிறது. போன எழுத்துகளின் எண்ணிக்கை மூன்றால் வகுபட்டால் மீதி ஒழுங்காகப் படிக்கப்பட்டு, குட்டையான, ஆனால் ஓரளவு வேலை செய்கிற புரதம் கிடைக்கும். வகுபடாவிட்டால் அதற்கப்பால் எல்லாம் பிழை, புரதமே நிற்காது. விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் பெரும்பாலானோருக்கு இது பொருந்துகிறது. அப்படியானால் இன்னொரு பகுதியையும் வேண்டுமென்றே தாண்டவைத்து மூன்றின் கணக்கைச் சரிசெய்தால் டூஷெனைப் பெக்கராக்க முடியாதா? இந்த யோசனையில் பிறந்த எடெப்ளிர்சென் மருந்துக்கு அமெரிக்க அரசு 2016இல் அனுமதி தந்தது. சுமார் 13 சதவீத நோயாளிகளுக்கே அது பொருந்தும். பலன் எவ்வளவு என்ற சண்டையும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், சிகிச்சை என்ற கண்ணால் பார்க்கும்போது 1988 கட்டுரைதான் கனமானது. இதழின் தரவரிசையை வைத்துப் பார்ப்பவர் கண்ணில் அது இரண்டாவதாகத்தான் படும்.

இனி, எந்தக் கணக்கிலும் வராத மனிதர். 1851 டிசம்பரில் லண்டன் மருத்துவச் சங்கம் ஒன்றில் எட்வர்டு மெரியன் என்ற டாக்டர் ஒரு கட்டுரை வாசித்தார். சில குடும்பங்களில் சகோதரர்களுக்கு மட்டும் தசை நலிந்துகொண்டே போகிறது. இறந்த பையனின் தண்டுவடத்தைப் பார்த்தார், கோளாறு இல்லை. தசையை நுண்ணோக்கியில் பார்த்தார்: தசைநாரின் மேலுறை உடைந்து சிதைந்திருந்தது. நோய் நரம்பில் அல்ல, தசையில்தான் என்றார். பத்தாண்டு கழித்து, 1861இல்கூட, டூஷென் இதை மூளைக் கோளாறு என்றே எழுதிக்கொண்டிருந்தார். டிஸ்ட்ரோபின் இருக்கும் இடம் தசைநாரின் மேலுறைதான் என்று ஆய்வகங்கள் காட்டியது 1988இல். மெரியன் பார்த்து 137 ஆண்டுக்குப் பின்!

மெரியனுக்கும் முன்னால், 1836லேயே, நேப்பிள்ஸ் டாக்டர்கள் இப்படிப்பட்ட இரு சகோதரர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தவர் அன்று வெகு சிலர். ஆலன் எமரியும் மார்சியா எமரியும் 1995இல் இந்த நோயின் வரலாற்றைப் புத்தகமாக எழுதியபோது, இது டூஷென் தசைச் சிதைவா, மெரியன் நோயா என்ற கேள்வியைத் துணைத் தலைப்பிலேயே வைத்தார்கள். பெயர் மாறவில்லை.

மேற்கோள் எண்ணிக்கை பொய் சொல்வதில்லை. யார் பெயரை யார் எழுதினார்கள் என்பதை மட்டும் அது சரியாகச் சொல்கிறது. அதற்கு மேல் அதனிடம் கேட்டவர்கள் நாம்தான். கேட்காதீர்கள் என்று 2012 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் செல் உயிரியலாளர்களும் இதழாசிரியர்களும் கூடி ஒரு பிரகடனமே எழுதினார்கள். அது என்ன ஆனது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.